மனசுக்குள்ள படிப்பேன்

மணி பதினொன்றே கால்தான் ஆகியிருந்தது. இன்னும் முழுசாக இரண்டு மணி நேரம் என்ற நினைப்பு வந்ததுமே செண்பகவல்லி டீச்சருக்கு இடது கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்தது. தேர்வு அறையில் ஆசிரியர் உட்காரக் கூடாது என்பது பெரிய டீச்சரின், அதாவது தலைமையாசிரியையின், புது உத்தரவு. ஆசை காட்டக் கூடாது என்று நாற்காலியைக்கூட வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஜன்னல் கட்டையில் இடுப்பைச் சாய்த்து ஒரு காலைத் தூக்கி, அடுத்த காலைத் தூக்கி, கண்மாயில் நிற்கிற கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, இரண்டாம் திருப்புதல் தேர்வு, அறிவியல். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தலை குனிந்து எழுதுகிறார்கள், முப்பத்தெட்டு வகிடு தெரிகிறது. கையில் படிவம். ‘மாணவர் கற்றல் வகை மற்றும் வீட்டுப் படிப்பு நேரத் திட்டம்’ என்று தலைப்பு. வரிசை எண், பெயர், பார்த்துக் கற்பவரா கேட்டுக் கற்பவரா செய்து கற்பவரா, வீட்டில் எத்தனை மணிக்கு என்ன படிக்கிறாள், கடைசியில் சின்னதாக ‘மெ.க.’ என்று ஒரு கட்டம், அதற்கும் கடைசியில் கருத்து. தேர்வு முடிந்து மணி அடித்ததும் அலுவலக உதவியாளர் அந்தோணியம்மாள் வந்து வாங்கிக்கொண்டு போவாள். மத்தியானம் அது மேலே போகும். மேலே என்றால் எங்கே என்று இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்டதில்லை. எல்லாம் மேலேதான் போகிறது, திரும்பி வந்து பார்த்ததில்லை. அபிராமி, கேட்டு. அனுசுயா, பார்த்து. ஆவுடைச்செல்வி, அவளையும் பார்த்து என்றே போட்டுவிடலாம், அவள் பக்கத்துப் பேப்பரைப் பார்த்துதான் எழுதுகிறாள் என்பது ஊருக்கே தெரியும். இந்த நினைப்பில் தனக்குத் தானே லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் கெண்டைக்கால் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

இந்தப் படிவத்துக்காகத்தான் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அரங்கத்தில் குளிர்சாதனம் ஓடியது, அது ஒன்றுதான் நல்லது. பயிற்சியாளர் வந்து திரையில் படம் போட்டுக் காட்டினான். அவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும், சட்டையை மடித்து விட்டிருந்தான், ஒரு பிள்ளை கண்ணால் படிக்கும், ஒரு பிள்ளை காதால் படிக்கும், ஒரு பிள்ளை கையால் படிக்கும் என்றான். அப்போ மூக்கால் படிக்கிற பிள்ளை உண்டா என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள், அவனும் சிரித்துவிட்டான், நல்ல பையன்தான். பிறகு டீச்சர்மாருக்கே இருபது கேள்வி கொடுத்து, நீங்கள் எந்த வகை என்று பாருங்கள் என்றான். செண்பகவல்லி எழுதியதைக் கூட்டிப் பார்த்து, மேடம், உங்களுக்கு மூணும் ஒரே மாதிரி வந்திருக்கு, நீங்க எந்த வகையிலயும் சேரல என்றான். பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர் இடுப்பில் இடித்துச் சிரித்தாள். செண்பகவல்லியும் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை பஸ்ஸில் கூடவே வந்தது. எந்த வகையிலும் சேராதவள். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எதைத்தான் அவள் ஒழுங்காகப் படித்தாள், எப்படிப் படித்தாள், அதுவே மறந்துபோயிற்று. தமிழ் இலக்கியத்தில் ஊரில் முதல் ஆளாக வந்தவள், எப்படி வந்தாள் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது இந்த முப்பத்தெட்டுப் பேரையும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவளைக் கேட்கிறார்கள்.

படிப்பு நேரத்தைப் பிள்ளைகளையே எழுதித் தரச் சொல்லியிருந்தாள். நோட்டில் கிழித்த தாள்கள், படிவத்துக்கு அடியில் வைத்திருந்தாள், ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்ற வேண்டும். ஐந்திலிருந்து ஆறு, தண்ணி வந்தால் தண்ணி, வராவிட்டால் கணக்கு. இது கனகலட்சுமி. ஆறரையிலிருந்து ஏழரை, தம்பியைத் தூங்க வைத்துக்கொண்டே அறிவியல். டிவி ஓடும்போது தமிழ் என்று ஒருத்தி, தமிழ் டீச்சரிடமே எழுதிக் கொடுத்திருக்கிறாள், அந்த நேர்மைக்காகவே அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடலாம். இதில் எந்த நேரத்தை எடுத்து எந்தக் கட்டத்தில் எழுதுவது. மேலே போகிற படிவத்தில் ‘தண்ணி வந்தால்’ என்று எழுத முடியாது. ஐந்து மணி, கணிதம், அவ்வளவுதான். தண்ணீர் வராத நாளாகவே பார்த்துக்கொள்ள வேண்டியது. எல்லாத் தாளிலும் அவளுடைய சிவப்புப் பேனா ஓடியிருந்தது. அது கைப்பழக்கம், நிறுத்த முடிவதில்லை, கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சந்திப்பிழையைத்தான் முதலில் பார்ப்பாள். இருபத்தேழாவது தாள் பேச்சியம்மாளுடையது. ஆறரையிலிருந்து ஏழரை, மனசுக்குள்ள படிப்பேன். எட்டிலிருந்து ஒன்பது, மனசுக்குள்ள படிப்பேன். காலையில் ஐந்திலிருந்து ஆறு, மனசுக்குள்ள படிப்பேன். மூன்று இடத்திலும் ‘மனசுக்குள்ள’ என்பதை அடித்து ‘மனத்திற்குள்’ என்று சிவப்பில் திருத்தியிருந்தாள். என்ன பாடம் படிக்கிறாள் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை, பாடப் பெயர் எங்கே என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாள். அதையும் கேட்டுவிட்டு மறந்துபோயிருக்கிறாள்.

பேச்சி மூன்றாவது பெஞ்சில் சுவர் ஓரமாக இருந்தாள். பேனா கையில் இருக்கிறது, நகரவில்லை. ஒன்றரைப் பக்கத்தோடு நிற்கிறது, அதுவும் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுகிற பகுதி. அவள் பெயருக்கு நேரே மெ.க. என்று பென்சிலில் லேசாக எழுதி வைத்திருந்தாள் செண்பகவல்லி. மெல்லக் கற்போர். முதன்முதலில் இந்தச் சொல்லைச் சுற்றறிக்கையில் பார்த்தபோது நல்ல சொல் என்றுதான் தோன்றியது, முட்டாள் என்று எழுதாமல் எவனோ மரியாதை தெரிந்தவன் எழுதியிருக்கிறான் என்று. மாட்டுக்குத்தான் மெல்லத் தெரியும், நம்ம பிள்ளைகள் அப்படியே முழுங்கிவிடும் என்று ஆசிரியர் அறையில் ஒரு தரம் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்த மாதிரிச் சொல்லை வைத்து விளையாட வரும். ஆனால் மெ.க. போட்டால் என்ன நடக்கும் என்பது விளையாட்டில்லை. நாளையிலிருந்து அந்தப் பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு ஒரு மெல்லிசான கையேட்டைக் கொடுப்பார்கள். அதில் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் கேள்விகள் மட்டும் இருக்கும். அதை மட்டும் உருப்போட்டால் முப்பத்தைந்து வந்துவிடும். முப்பத்தைந்து வரும், அதற்கு மேல் வராது. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவுப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. பேச்சிக்கு நர்ஸ் ஆக வேண்டும். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த அன்றைக்கே பெரிய டீச்சரிடம் சொன்னவள். அவளுடைய அக்கா மாரீஸ்வரிக்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால் மெ.க. போட்டார்கள், எல்லாவற்றிலும் முப்பத்தாறு முப்பத்தேழு வாங்கித் தேறினாள், இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் பொட்டலம் போடுகிறாள். இரண்டு தேர்வில் தொடர்ந்து முப்பத்தைந்துக்குக் கீழே போனால் மெ.க. என்பது விதி. பேச்சி அரையாண்டில் முப்பத்து மூன்று, முதல் திருப்புதலில் இருபத்தொன்பது. விதிப்படி பேனாவிலேயே போட்டிருக்கலாம். இன்றைக்கு எப்படி எழுதுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போடுவோம் என்று பென்சிலோடு நிறுத்தியிருந்தாள். அந்தப் பிள்ளை எழுதவில்லை.

ஜூலையில் நடந்த முதல் இடைத்தேர்வில் எழுபத்தொன்று வாங்கியவள். காலாண்டில் ஐம்பத்து நாலு. படிக்கட்டில் உருளுகிற செம்பு மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறாள். என்ன என்று பார்க்காமலும் இல்லை. முதலில் போன் என்று நினைத்தாள், விசாரித்தால் அந்த வீட்டில் பட்டன் போன் ஒன்றுதான், அதுவும் அம்மா இடுப்பில் இருக்கும். பிறகு யாராவது பையனாக இருக்குமோ என்று, பத்தாம் வகுப்பு என்றாலே டீச்சர்மாருக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான். பிறகு ரத்தசோகை, மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. டிசம்பரில் அம்மாவை வரச் சொன்னாள். மிட்டாய்க் கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருந்தாள், வெல்லப்பாகு வாசனை அறைக்குள் வந்தது, செண்பகவல்லி அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை, பசி கிளம்பியது அவளுக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் படிக்கிறாளா என்று கேட்டதற்கு அந்த அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து, “இப்பம் வீட்ல சத்தமே இல்ல டீச்சர். முன்னயெல்லாம் சொவத்தப் பாத்துத் தொணதொணன்னு பேசிக்கிட்டே கெடப்பா. இப்பம் வாயே தொறக்க மாட்டா, அடக்கமாப் படிக்கா. எல்லாம் நீங்க குடுத்த புத்திதான்” என்று சொல்லிவிட்டு, முந்தானையிலிருந்து நாலு மிட்டாய் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நல்லது என்று தலையாட்டினாள் செண்பகவல்லி. மிட்டாயைத் தின்றாள். அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று பல்லிடுக்கில் மாட்டிய கடலைத் தோல் மாதிரி அப்போதே மாட்டியது, எடுத்துப் பார்க்க நேரமில்லை. அடுத்து வாக்காளர் பட்டியல் வேலை வந்தது, அது முடிந்ததும் ஆண்டு விழா, அது முடிந்ததும் இந்தப் படிவம்.

அடக்கமாகப் படிக்கிறாள். அடக்கமாகத்தான் செண்பகவல்லியின் மகனும் படித்தான். சரவணக்குமார் பத்தாம் வகுப்பு படித்தபோது சார்ட் வாங்கி, ஆறு வண்ண ஸ்கெட்சில் கோடு போட்டு, காலை நாலரையிலிருந்து ராத்திரி பத்தரை வரைக்கும் அரை மணி அரை மணியாகப் பிரித்து அவள் ஒட்டிய நேரப் பட்டியல் ஹால் சுவரில் இரண்டு வருஷம் தொங்கியது. பல் துலக்கப் பத்து நிமிஷம், பால் குடிக்க ஐந்து நிமிஷம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பார்த்துப் பாராட்டினார்கள், கணக்கு டீச்சர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். நானூற்று எழுபது வாங்கினான். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், சாப்பிட்டீங்களா, அப்பாவுக்கு எப்படி இருக்கு, வச்சிரட்டுமா. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது வெள்ளையடிக்கிற ஆள் சுவரில் நாலு மூலையிலும் இருந்த பசைத் தழும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இவன் நின்று பார்த்துவிட்டு, அந்தச் சார்ட்ட நெனச்சா எனக்கு இன்னமும் வயித்தக் கலக்கும்மா என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே காபி போடப் போனாள். அடுக்களையில் நின்று பால் பொங்குகிற வரைக்கும் என்ன செய்தாள் என்று தெரியவில்லை, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நல்லதுக்குத்தானே செய்தாள். யாரும் கெடுதலுக்குச் செய்வதில்லை. இந்தப் படிவத்தைத் தயாரித்தவனும் நல்லதுக்குத்தான் செய்திருப்பான்.

ஒருத்தி எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்தாள். இன்னொருத்தி கேட்டாள். எத்தனை தாள் போயிற்று, எத்தனை மிச்சம் என்று கணக்கு வைக்க வேண்டும், மணி அடிப்பதற்குள் எண்ணி எழுத வேண்டும். மேசையில் இருந்த கட்டை எடுத்து எண்ணத் தொடங்கினாள். முதல் பெஞ்சில் இருந்த தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தரம் குனிந்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். என்ன என்று புருவத்தை உயர்த்தினாள் செண்பகவல்லி. “டீச்சர், நீங்க பேசுறீங்க” என்றாள் தர்ஷினி மெதுவாக. பேசுகிறேனா. ஆமாம், பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று வாய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி, டீச்சர் ரொம்ப நேரமா பேசுறாங்க, எங்க பேரெல்லாம் சொல்லிச் சொல்லி எழுதுறாங்க என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். செண்பகவல்லிக்குக் காது சூடாயிற்று. வாயை இறுக்க மூடிக்கொண்டு முதலிலிருந்து எண்ணினாள். நாற்பத்தாறு வந்தது. சந்தேகமாக இருந்தது, மறுபடியும் எண்ணினாள், நாற்பத்தெட்டு. இன்னொரு தரம், முப்பதுக்கு மேல் எங்கே விட்டோம் என்றே தெரியவில்லை. உதடு ஒட்டியிருந்தால் எண் விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு போகிறது. என்ன கூத்து இது. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, திருடி மாதிரி, கிசுகிசுப்பாகச் சொல்லி எண்ணினாள். நாற்பத்தேழு. மறுபடி சொல்லி எண்ணினாள், நாற்பத்தேழு. அப்படியென்றால் எல்லாமே அப்படித்தானா. பரீட்சைக்குப் படித்ததும் அப்படித்தானா. கல்லூரி விடுதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, தொட்டிக்குப் பாடம் நடத்தினாளே. எந்த வகையிலும் சேராதவள். வாயால் படிக்கிறவளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். இது தோன்றியதும் ஒரு கணம் நன்றாக இருந்தது. திரும்பினாள். மூன்றாவது பெஞ்சில் பேச்சி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா கன்னத்தில் கை வைத்திருக்கவில்லை. கட்டை விரல் ஒரு பக்கம், நாலு விரல் மறுபக்கம், உள்ளங்கை உதட்டின் மேல் அழுந்தியிருந்தது. வாய் தன்னையறியாமல் அசைந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கை. எத்தனை நாளாக இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். செண்பகவல்லிக்கு ஞாபகம் வந்தது. ஜூலை கடைசி, சாயங்காலச் சிறப்பு வகுப்பு, பக்கத்து அறையில் மேலதிகாரிகள் பார்வையிட வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவளுக்கு ஒற்றைத் தலைவலி, வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் முணுமுணுவென்று படித்துக்கொண்டிருக்க, பேச்சி மட்டும் வேப்பமரத்து ஜன்னல் பக்கம் நடந்துகொண்டு, எதிரே ஆள் இருக்கிற மாதிரிக் கையை நீட்டி நீட்டிப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் படிக்கிற விதமே அதுதான். புத்தகத்தில் இருக்கிறதை அப்படியே ஒப்பிக்க மாட்டாள், யாரோ கேட்டு அவள் பதில் சொல்கிற மாதிரி, இது இருக்குல்லா, அது என்ன செய்யும்னா என்று தொடங்குவாள். தலைவலிக்கு அது சம்மட்டியாக விழுந்தது. “பேருதான் பேச்சின்னா, அதுக்காக வாய மூடவே கூடாதா? இனிமே உன் சத்தம் என் காதுல விழக் கூடாது, மனசுக்குள்ள படி” என்றாள். வகுப்பே சிரித்தது. சிலேடை நன்றாக விழுந்துவிட்டது. பேச்சியும் சிரித்தாள், உட்கார்ந்தாள், வாயை மூடினாள். மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிக் காட்டி இரண்டாம் தரமும் எல்லாரையும் சிரிக்க வைத்தாள் செண்பகவல்லி. பிறகு மறந்துபோனாள். அவள் மறந்துபோனாள், அந்தப் பிள்ளை மறக்கவில்லை. ஆறு மாசம், வீட்டில் ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும், எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும், விடியற்காலையில் ஒரு மணி நேரம். எழுதியும் கொடுத்திருக்கிறாள். மூன்று தரம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இவள் அதில் எழுத்துப் பிழை பார்த்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம். இன்னும் யார் யார் வாயில் கை வைத்தோமோ. எந்த எந்தப் பிள்ளை எந்த எந்த மூலையில் உட்கார்ந்து இவள் விளையாட்டாகச் சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ. மாரீஸ்வரிக்கு என்ன சொன்னோம், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததுதான் பயமாக இருந்தது. மணி பன்னிரண்டே கால்.

மூன்றாவது பெஞ்சுக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்றாள். இது பரீட்சை, பெரிய டீச்சர் சுற்றி வருகிற நேரம். இருந்தாலும் கால் போய்விட்டது. பேப்பரையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே வா என்றாள். பேச்சி நிமிர்ந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. “நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்” என்றாள். வெளியே நிற்க வைத்தால் காப்பி அடித்தவள் என்றுதான் அர்த்தம், அவளும் வேறு எதை நினைப்பாள். ஒன்றுமில்லை, வா என்று வராண்டாப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முப்பத்தேழு தலைகள் திரும்பின, எழுதுங்க என்று அதட்டினாள். படியில் நல்ல வெயில் விழுந்திருந்தது. படித்தாயா என்று கேட்டாள். படித்ததாகச் சொன்னாள் பேச்சி. பிறகு ஏன் எழுதவில்லை என்றதற்குக் காலால் தரையைத் தேய்த்தாள்.

“மனசுக்குள்ளயேதான் டீச்சர் இருக்கு. வெளிய வர மாட்டேங்கு.”

“சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுது.”

“நீங்கதான கூடாதுன்னீங்க.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி இருந்தது. “அன்னைக்கு மட்டும்தான் பிள்ள சொன்னேன். எனக்குத் தலைவலி” என்றாள் செண்பகவல்லி.

“எனக்கு எப்பவும்னு பட்டுச்சு டீச்சர்.”

பேச்சி படியில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு மதிப்பெண் கேள்வி, ரத்தத்தின் பணிகள். வாயைத் திறந்தாள், மூடினாள். தொண்டையைச் செருமினாள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. வராது போலிருக்கிறது என்று செண்பகவல்லிக்குப் பயம் பிடித்தது. கிணற்றில் போட்ட வாளி ஆறு மாசம் கழித்து எடுத்தால் வருமா. அறையைத் திரும்பிப் பார்த்தாள், வாசலிலிருந்து எல்லாத் தலையும் தெரிந்தது, சரி என்று படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து முதல் தரமாக உட்காருகிறாள். கெண்டைக்கால் முணங்கியது. “நான் தமிழ் டீச்சர். எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குச் சொல்லு” என்றாள். அது பொய்யும் இல்லை. பேச்சி அவளைப் பார்க்கவில்லை, எதிரே சைக்கிள் கொட்டகையைப் பார்த்தாள். கை மெல்ல நீண்டது. “ரத்தம் இருக்குல்லா டீச்சர், அது சும்மா இருக்காது” என்றாள். குரல் கரகரத்து, துருப்பிடித்த கீல் மாதிரித்தான் வந்தது. சொல்லிவிட்டு எழுதினாள். அப்புறம் என்ன செய்யும் என்றாள் செண்பகவல்லி. மூச்சுக் காற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும், திரும்பி வரும்போது கெட்ட காற்றை வாங்கிக்கொண்டு வரும், சாப்பிட்டதைக் கொண்டு போகும், உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லச் சொல்ல, பேனா அதைப் புத்தகத் தமிழில் எழுதிக்கொண்டு போயிற்று. அப்புறம் என்ன செய்யும் என்று கேட்க வேண்டிய தேவையும் பிறகு இல்லாமல் போனது. செண்பகவல்லி எழுந்து வாசலில் போய் நின்றாள். ஒரு கண் உள்ளே, ஒரு காது வெளியே.

ஒரு மணிக்கே அந்தோணியம்மாள் படிவத்துக்கு வந்துவிட்டாள். படியில் இருந்தவளைப் பார்த்துவிட்டு, என்ன டீச்சர், பிட்டு வச்சிருந்துச்சா என்று கண்ணால் கேட்டுக் கையாலும் கேட்டாள். எழுதுகிறாள் என்றாள் செண்பகவல்லி. பேசுதே என்றாள் அந்தோணியம்மாள். ஆமாம், பேசுகிறாள் என்றாள். மணி அடித்தது. பேச்சி ஐந்தரைப் பக்கம் எழுதியிருந்தாள், கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. முப்பத்தைந்து வருமா என்பது அறிவியல் டீச்சருக்குத்தான் தெரியும். வந்தாலும் விதி விதிதான், இரண்டு தேர்வு ஏற்கெனவே போய்விட்டது. தாள்களை வாங்கி அடுக்கிக் கட்டினாள். இருபத்தேழாவது பெயருக்கு நேரே இருந்த பென்சில் எழுத்துகளை ரப்பரால் அழித்தாள், கட்டத்தில் லேசான அழுக்கு மட்டும் நின்றது. விதிப்படி இருக்க வேண்டியது ஏன் இல்லை என்று பெரிய டீச்சர் நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள், கருத்துக் கட்டத்தில் காரணம் எழுதியாக வேண்டும். பேனாவை எடுத்து, ‘ஆசிரியரின் அறிவுறுத்தலைத் தவறாகப் புரிந்துகொண்டதால்’ என்று எழுதினாள். அழகான வாக்கியம், ஒரு பிழை இல்லை. படித்துப் பார்த்தாள். யார் தவறாகப் புரிந்துகொண்டது. அதைக் கோடு போட்டு அடித்தாள். அந்தோணியம்மாள் நேரமாகிறது என்று வாசலில் நிற்க, அடித்ததற்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ‘ஜூலைல நான்தான் இவள வாய மூடச் சொன்னேன். இனி சத்தமாப் படிப்பா.’ படிவத்தைக் கொடுக்கும்போது ஒரு தரம் பார்த்தாள். ஐந்து பிழை. சிவப்புப் பேனா கைப்பையில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.